ஏறாத என்ஜினும் 47 நாட்களும்

என் படகின் என்ஜின் தண்ணீரை விட்டு மேலே ஏற மறுத்தது 2025 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை. மறுபடி அது ஒழுங்காக ஏறி நின்றது மார்ச் 14. நடுவில் போனது 47 நாட்கள், கையிலிருந்து 32,650 ரூபாய், அதற்கு மேல் கைநழுவிப் போன சவாரிகள். இத்தனைக்கும் முதலில் இருந்த பழுது 650 ரூபாயில் தீர்ந்திருக்க வேண்டியது. எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்றுதான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

நான் புதுச்சேரி அரியாங்குப்பத்துக்காரன். தூண்டில் போட ஆசைப்படுகிறவர்களைக் கடலுக்குள் அழைத்துப் போய்வருவது என் தொழில். படகு 23 அடி ஃபைபர். பின்னால் 60 குதிரைத்திறன் நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்டு என்ஜின், கேரளாவிலிருந்து பழையதாக வாங்கியது. நானும் மச்சானும் சேர்ந்து ஆரம்பித்தோம். அவர் துபாய்க்குப் போய்விட்டார், இப்போது நான் மட்டும்தான். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் அத்தனை படகுகள் நிற்கின்றன, ஆனால் என் என்ஜின் மாதிரி அங்கே அபூர்வம். ஃபைபர் படகுக்காரர்களின் சின்ன என்ஜினைக் கையாலேயே தூக்கி மடக்கிவிடலாம். விசைப்படகில் என்ஜின் படகுக்குள்ளேயே இருக்கும். பொத்தானை அழுத்தினால் தானாக ஏறி இறங்கும் என்ஜினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் பக்கத்தில் யாரும் இல்லை. பழுது வந்த அன்றுதான் அது எவ்வளவு பெரிய தனிமை என்று தெரிந்தது.

அந்த அமைப்புக்கு டில்ட் அண்ட் டிரிம் என்று பெயர். ஓடும்போது என்ஜினின் சாய்வைக் கொஞ்சம் கூட்டிக் குறைப்பது டிரிம். படகின் மூக்கு தூக்கலாமா, அழுந்தலாமா என்பதை அது தீர்மானிக்கும். என்ஜினை முழுதாகத் தண்ணீருக்கு மேலே தூக்குவது டில்ட். இரண்டையும் செய்வது ஒரே யூனிட்தான். ஒரு சின்ன 12 வோல்ட் மோட்டார், அது சுழற்றும் ஒரு பம்ப், கொஞ்சம் எண்ணெய், அந்த எண்ணெய் தள்ளும் தண்டுகள், அவ்வளவுதான். மோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் ஏறும், மறுபக்கம் சுற்றினால் இறங்கும். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதற்கு இரண்டு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச். இவ்வளவும் எனக்கு ஜனவரி 26 அன்று தெரியாது. பொத்தானை அழுத்தினால் ஏறும் என்று மட்டும் தெரியும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் எங்கள் பக்கம்தான் கரையைக் கடந்தது. அதற்கு முன்பே படகைக் கரையேற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தேன். பொங்கல் கழித்து, கடல் அடங்கிய பிறகுதான் மறுபடி இறக்கினேன். ஒன்றரை மாதம் உப்பு ஈரத்திலேயே கிடந்த என்ஜினை ஒருமுறைகூட ஏற்றி இறக்கிப் பார்க்கவில்லை. குடியரசு தின விடுமுறைக்கு ஒரு குடும்பம் வந்திருந்தது. திரும்பி வரும்போது தண்ணீர் வற்றியிருந்தது. மழை வெள்ளத்துக்குப் பிறகு முகத்துவாரத்தில் மணல் திட்டு இடம் மாறியிருந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை. வழக்கம்போல என்ஜினைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம் என்று பொத்தானை அழுத்தினேன். உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். மறுபடி அழுத்தினேன், மறுபடி ‘டக்’. அதற்குள் விசிறி மணலில் உரசி என்ஜின் நின்றுவிட்டது. அலை பக்கவாட்டில் தள்ள ஆரம்பித்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு எட்டு வயதுப் பிள்ளை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தது. அந்தப் பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. பக்கத்தில் வந்த ஒரு ஃபைபர் படகுக்காரர்தான் கயிறு போட்டு இழுத்து விட்டார். விசிறியின் இதழ் வளைந்ததைச் சரிசெய்ய 2,500 ரூபாய்.

அன்று நான் தெரிந்து வைத்திருக்க வேண்டியது ஒரே ஒரு திருகாணி. என்ஜினைப் படகோடு பிடிக்கும் பிராக்கெட்டின் பக்கவாட்டில் ஒரு ஓட்டை இருக்கும்; அதற்குள்ளே தட்டையான வெட்டுள்ள பெரிய திருகாணி தெரியும். அதை இடது பக்கமாக, தானாக நிற்கும் வரை திருகினால் எண்ணெயின் பிடி விட்டுவிடும். இரண்டு பேர் சேர்ந்து என்ஜினைக் கையாலேயே தூக்கி, அதை மேலேயே நிறுத்தி வைக்கும் தாங்கு நெம்பில் உட்கார வைத்துவிடலாம். மின்சாரமே தேவையில்லை. உங்கள் என்ஜினில் அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். அகலமான திருப்புளி ஒன்றைப் படகிலேயே வையுங்கள். மாதம் ஒருமுறை அதை அசைத்துக் கொடுக்காவிட்டால் உப்பில் இறுகிவிடும். என்னுடையது அப்படித்தான் இறுகிக் கிடந்தது. தானாக நின்ற பிறகும் வம்படியாகத் திருகாதீர்கள், அதைப் பிடித்திருக்கும் வளையம் தெறித்துவிடும். அது திறந்திருக்கும்போது ரிவர்ஸ் போட்டால் என்ஜின் தானாக மேலே எழும், ஆகவே வேலை முடிந்ததும் மறக்காமல் மூடிவிடுங்கள்.

மூன்றாம் நாள், கார், டிராக்டர் பார்க்கும் ஒரு மெக்கானிக்கைப் படகுக்கே கூட்டி வந்தேன். என்ஜின் மூடியைக் கழற்றினார், வயர்களை அங்கே இங்கே தள்ளிப் பார்த்தார், எண்ணெய் மூடியைத் திறந்து “ஆயில் கம்மியா இருக்கு தம்பி, அதான் தூக்கல” என்றார். தன் பையிலிருந்த பிரேக் ஆயிலை ஊற்றினார். பொத்தானை அழுத்தினேன், ஏறியது! எனக்கு அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, மிச்ச டப்பாவையும் எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். அவர் மீது எனக்கு இப்போதும் கோபம் இல்லை. வயர்களைத் தள்ளியபோது தற்செயலாக ஒரு இணைப்பு ஒட்டிக்கொண்டது. ஊற்றிய எண்ணெயால்தான் சரியானது என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன். இரண்டு நாளில் மறுபடி ‘டக்’.

இந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். மாறாகப் பயம் பிடித்துக்கொண்டது. சீசன் ஓடிக்கொண்டிருக்கிறது, ஏப்ரல் 15 வந்தால் மீன்பிடித் தடைக்காலம், அதற்குள் சம்பாதித்தால்தான் உண்டு என்ற பதற்றம். பஸ் ஏறிச் சென்னை காசிமேட்டுக்குப் போனேன். ஒரு கடையில் “முழு யூனிட்டை மாத்திடுங்க” என்றார்கள். விலை ஒரு லட்சத்தைத் தாண்டியது. இன்னொரு கடையில் “மோட்டார் போயிருக்கும்” என்றார்கள். ஒரு லட்சத்துக்கு முன்னால் 16,800 சின்னத் தொகையாகத் தெரிந்தது. மோட்டாருக்கு ஆர்டர் கொடுத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று 1,900 ரூபாய்க்கு ரிலேயும் வாங்கினேன். மோட்டார் வந்து சேர 11 நாள்.

என் என்ஜினில் மோட்டாரைக் கழற்ற மொத்த யூனிட்டையும் கீழே இறக்க வேண்டியிருந்தது. என்ஜினைத் தாங்கும் அந்தத் தண்டைப் பிடித்திருக்கும் ஊசிகள் உப்பில் இறுகி அசையவே இல்லை. துரு இளக்கும் ஸ்பிரேயை மூன்று நாள் காலையும் மாலையும் அடித்து, சூடு காட்டி, மரக்கட்டை வைத்துத் தட்டித்தான் வெளியே எடுத்தேன். மோட்டாரைப் பிடித்த போல்ட் ஒன்றின் தலை கையோடு முறிந்து வந்தது. அலுமினிய உடம்பில் ஸ்டெயின்லெஸ் போல்ட், நடுவில் உப்புத் தண்ணீர். அலுமினியம் அரித்து வெள்ளையாகப் பூத்து போல்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். மரப்பாலம் பக்கம் ஒரு லேத் பட்டறையில் அதைத் துளையிட்டு எடுக்க 1,200 ரூபாய். ஆகவே முதல் சுற்றிலேயே வராத போல்ட்டோடு மல்லுக்கட்டாதீர்கள். சூடு காட்டுங்கள், ஆறவிடுங்கள், முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். திரும்பப் போடும்போது மரைக்கு மரைன் கிரீஸ் தடவுங்கள்.

அந்த வேலையில்தான் என் விரல்கள் போயிருக்க வேண்டியது. என்ஜினின் எடை 100 கிலோவுக்கு மேல். ஏற்றி நிறுத்தித் தாங்கு நெம்பை மட்டும் போட்டுவிட்டு அடியில் கையை விட்டிருந்தேன். யாரோ கரையிலிருந்து படகில் ஏறினார்கள், படகு ஆடியது, நெம்பு ஒரு விரற்கடை நழுவியது. கையை இழுத்துக்கொண்டேன், அவ்வளவுதான் நேரம் இருந்தது. அன்று அதற்குப் பிறகு வேலையே ஓடவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லவும் பயமாக இருந்தது. தாங்கு நெம்பு படகு சும்மா நிற்கும்போது என்ஜினைத் தாங்கத்தான், அடியில் வேலை பார்ப்பதற்கு அல்ல. மேலே ஒரு குறுக்குக் கட்டையிலிருந்து பெல்ட் போட்டுக் கட்டுங்கள், பிராக்கெட்டுக்கு நடுவே கனமான மரக்கட்டை கொடுங்கள், அதற்குப் பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். படகு தண்ணீரில் மிதக்கும்போது இந்த வேலை வேண்டவே வேண்டாம். கரையேற்றிவிடுங்கள்.

பிப்ரவரி 22 சனிக்கிழமை சாயங்காலம் புது மோட்டாரைப் பூட்டி, அதே டப்பாவிலிருந்து பிரேக் ஆயில் ஊற்றிப் பொத்தானை அழுத்தினேன். ‘டக்’. ரிலேயை மாற்றினேன். ‘டக்’. மல்டிமீட்டர் வைத்தால் ரிலேக்கு வரும் வயரில் 12.6 வோல்ட் காட்டுகிறது. மின்சாரம் வருகிறது, மோட்டார் புதுசு, ரிலே புதுசு, அப்புறம் என்னதான்? மணலில் உட்கார்ந்து அழுதேன். பணம் போனது ஒரு பக்கம். இனிமேல் எதை நம்புவது என்றே தெரியவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்கு வயரிங் செய்யும் ஒரு அண்ணனைப் பிடித்தேன். வயது அறுபதுக்கு மேல். வந்தவர் எதையும் கழற்றவில்லை. “மேல போறதும் இல்லையா, கீழ வர்றதும் இல்லையா?” என்று கேட்டார். “ரெண்டும் இல்லண்ணே” என்றேன். “அப்போ ரெண்டுக்கும் பொதுவா இருக்குறதுல தேடு” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஏறுவது மட்டும் போனால் ஏற்றும் ரிலே, இல்லை அந்தப் பக்கத்து பொத்தான், அதன் வயர் என்று தேடலாம். இரண்டும் சேர்ந்து போனால் பொதுவான வயர், பொதுவான எர்த், இல்லாவிட்டால் மோட்டார். நான் பழையது என்று ஓரமாகப் போட்டிருந்த மோட்டாரை எடுத்து வரச் சொன்னார். அதிலிருந்து வரும் நீல வயரையும் பச்சை வயரையும் பேட்டரியில் நேராக வைத்தார். விர்ரென்று சுற்றியது. வயரை மாற்றி வைத்தார், எதிர்ப்பக்கம் சுற்றியது. 16,800 ரூபாய் என் கண் முன்னால் சுற்றியது.

அடுத்து மீட்டரைக் கையில் எடுத்தார். ரிலேக்கு வரும் தடிமனான சிவப்பு வயரில் மீட்டரின் முனையை வைத்துக்கொண்டு, “இப்போ அமுக்குப்பா” என்றார். 12.6 என்று நின்ற எண், நான் பொத்தானை அழுத்திய நொடியில் 2-க்குக் கீழே விழுந்தது. கையை எடுத்ததும் மறுபடி 12.6. அந்த வயரின் முனையில் இருந்த உறையைக் கத்தியால் கீறினார். உள்ளே லக், அதாவது வயரின் முனையில் இருக்கும் உலோகக் காது, முழுக்கப் பச்சை பூத்து, தாமிரக் கம்பியில் இரண்டே இழை ஒட்டிக்கொண்டிருந்தது. சும்மா இருக்கும்போது இரண்டு இழை போதும், மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டும். ரிலேயின் பொத்தான் பக்கத்துக்கு வேறு மெல்லிய வயர், அதற்குத் துளி மின்சாரம் போதும். அதனால்தான் ரிலேயில் ‘டக்’ வந்தது. ஆனால் மோட்டார் எடையைத் தூக்கப் பத்துக் கணக்கில் ஆம்பியர் கேட்கும்போது அந்த இரண்டு இழையில் எதுவும் வராது. பொத்தானை அழுத்தாமல் எடுக்கும் வோல்ட் கணக்குக்கு அர்த்தமே இல்லை என்பதை அன்று கற்றேன். புது லக், ஒரு சாண் வயர், சுருங்கும் உறை எல்லாம் சேர்த்து 150 ரூபாய். அண்ணன் 500-க்கு மேல் வாங்க மறுத்துவிட்டார்.

நீங்கள் இதே சோதனையைச் செய்வதானால், பேட்டரி வயரை நேராக வைக்கும்போது பொறி பறக்கும். பெட்ரோல் டாங்கைத் தள்ளி வையுங்கள், என்ஜின் மூடியைத் திறந்து ஆவி போகவிட்டு, பத்து நிமிடம் கழித்துச் செய்யுங்கள். மோட்டார் சுற்றாவிட்டால்தான் மோட்டாருக்குச் செலவு. மோட்டார் நன்றாகச் சுற்றியும் என்ஜின் ஏறாவிட்டால்தான் எண்ணெய்ப் பக்கம் போக வேண்டும், அதிலும் முதலில் அந்தத் திருகாணி மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று மாலை என்ஜின் ஏறியது, சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். காலையில் வந்தால் பாதி இறங்கிக் கிடந்தது. தண்டுகள் வெளியே வரும் மூடியைச் சுற்றி எண்ணெய் கசிந்திருந்தது. ஆற்றுத் தண்ணீரில் அது வானவில் மாதிரி பரவியதைப் பார்க்க மனசு சங்கடமாக இருந்தது; அந்தத் தண்ணீரில்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் இறால் தடவுகிறார்கள். காரணம் பிரேக் ஆயில். இந்த யூனிட்டின் ரப்பர் சீல்கள் தாது எண்ணெய்க்கென்று செய்தவை. பிரேக் ஆயில் பட்டால் அவை ஊறி உப்பிவிடும். பிரித்தபோது என் ஓ-ரிங்குகள், அதாவது வளைய வடிவ ரப்பர் சீல்கள், விரலால் நசுக்கினால் நசுங்கும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. என் என்ஜின் கையேட்டில் கேட்டிருந்தது ஏடிஎஃப் டெக்ஸ்ரான் 2, அதாவது ஆட்டோமேட்டிக் கியர் கார்களுக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெய். கையேட்டை நான் திறந்தே பார்த்ததில்லை. ஒவ்வொரு கம்பெனியும் வேறு எண்ணெய் சொல்லலாம், உங்கள் கையேட்டில் இருப்பதை மட்டும் ஊற்றுங்கள்.

சீல் கிட் கொச்சியிலிருந்து வரவழைத்தேன், 4,600. தண்டின் மூடியைத் திறக்க இரண்டு முளை வைத்த ஒரு ஸ்பேனர் வேண்டும். சுத்தியலும் உளியும் வைத்துத் தட்டினால் மூடி சிதையும். அதே லேத் பட்டறையில் 600 ரூபாய்க்குச் செய்து கொடுத்தார்கள். பிஸ்டனுக்குள்ளே சின்னச் சின்னக் குண்டுகளும் ஸ்பிரிங்குகளும் இருக்கும். வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொன்றையும் கழற்றும் முன் போட்டோ எடுத்து, எடுத்த வரிசையிலேயே வைத்தேன். பிரேக் ஆயில் ஒரு சொட்டுகூட மிஞ்சாமல் கழுவி, ஏடிஎஃப் ஊற்றி அலசி, அந்த எண்ணெயையும் டப்பாவில் பிடித்தேன். மாசி மகத்தன்று ஊரே தீர்த்தவாரி பார்க்க வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போயிருந்தது. தூரத்து மேளச் சத்தம் கேட்க, நான் தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு சீலுக்கும் எண்ணெய் தடவி உள்ளே வைத்தேன். அந்த 47 நாளில் நிம்மதியாக இருந்தது அன்று ஒரு நாள்தான். என்ன செய்கிறேன், எதற்குச் செய்கிறேன் என்று எனக்கே தெரிந்திருந்தது.

எண்ணெய் ஊற்றும் முறை முக்கியம். என்ஜின் முழுதாக மேலே இருக்கும்போதுதான் மூடியைத் திறக்க வேண்டும். கீழே இருக்கும்போது திறந்தால் அழுத்தத்தில் எண்ணெய் முகத்தில் பீய்ச்சும். ஓட்டையின் விளிம்பு வரை ஊற்றி மூடி, நாலைந்து தடவை முழுதாக ஏற்றி இறக்கி, ஐந்து நிமிடம் விட்டுக் காற்று அடங்கியதும் மறுபடி அளவு பாருங்கள். ஒரே மூச்சில் அழுத்திக்கொண்டே இருந்தால் மோட்டார் சூடேறும், இடையிடையே ஓய்வு கொடுங்கள். பிறகு எப்போதாவது எண்ணெய் பால் மாதிரி வெளுத்துத் தெரிந்தால் தண்ணீர் உள்ளே போகிறது என்று அர்த்தம். என்ஜின் தானாக இறங்கிப் போகிறது, ஆனால் வெளியே கசிவே இல்லை என்றால் உள் வால்விலோ பிஸ்டன் ஓ-ரிங்கிலோ, அந்தத் திருகாணியின் ஓ-ரிங்கிலோ தேடுங்கள்.

இரண்டு லிட்டர் ஏடிஎஃப் 900 ரூபாய். அதோடு மொத்தம் 32,650. ஆறு வார இறுதிகளில் முன்பதிவான 9 சவாரிகளைத் திருப்பிவிட்டேன், அது 63,000. முன்பணத்தை ஒருவருக்கும் பாக்கி வைக்கவில்லை.

மார்ச் 13 மாலை என்ஜினை முழுதாக ஏற்றி நிறுத்தி, பிராக்கெட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனேன். இரவில் இரண்டு முறை எழுந்து மணி பார்த்தேன். விடிவதற்கு முன்பே டார்ச் எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விட்டேன். கோடு கோட்டிலேயே இருந்தது. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துத் தனியாகவே முகத்துவாரத்துக்குப் போய், மணல் திட்டுக்கு முன்னால் பொத்தானை அழுத்தினேன். விசிறி மேலே வந்தது, அடியில் மணல் மட்டும் சொரசொரவென்று நகர்ந்தது. கரைக்கு வந்ததும் ஜனவரி 26 அன்று வந்த குடும்பத்துக்கு போன் செய்தேன். அந்தப் பிள்ளைதான் எடுத்தாள். “அங்கிள், மோட்டார் இப்போ ஏறுதா?” என்றாள்.